நான் பார்க்காத எட்டு ஆட்டங்கள்

1

இந்த மாதத்தோடு நான் ஜெர்மனிக்கு வந்து பத்து வருஷம் முடிகிறது. யாரும் மாலை போடவில்லை. வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் மட்டும் வந்தது. நிரந்தர அனுமதிக்கான படிவம் ஏழு பக்கம். போட்டோ இரண்டு, சம்பளச் சீட்டு, வீட்டு உரிமையாளரின் கையெழுத்து. கடைசிப் பக்கத்தில், "தாய்நாட்டுக்குத் திரும்பும் உத்தேசம் உண்டா?" என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். ஒரு வாரமாக அந்தப் படிவம் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது.

போன சனிக்கிழமை என் மகள் அமலாவின் பள்ளியில் இசை நிகழ்ச்சி. அவள் வயலின் வாசிப்பதாக ஏற்பாடு. நிகழ்ச்சி நாலரை மணிக்கு. எங்கள் ஊர் கால்பந்து மைதானத்தில் ஆட்டம் மூன்றரைக்கு. பத்து வருஷமாக நான் நின்று பார்க்கும் மைதானம் அது. "இடைவேளையிலயே கிளம்பி வந்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போனேன். இடைவேளையில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. இன்னும் பத்து நிமிஷம், இன்னும் ஐந்து நிமிஷம் என்று நின்றேன். பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "பின்னாடி நின்னு கேட்டேம்மா. ரொம்ப நல்லா வாசிச்சே" என்றேன்.

அமலா முகத்தை நிமிர்த்தாமல் ஜெர்மனில் பதில் சொன்னாள். வர வர அவள் என்னோடு ஜெர்மனில்தான் பேசுகிறாள். பாதிதான் எனக்குப் பிடிபடும். இது முழுசாகவே புரிந்தது. "நான் வாசிக்கவில்லை. மேடை ஏறுவதற்கு முன்னாலேயே கம்பி அறுந்துவிட்டது."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். என் மனைவி ஃப்ளோரா முதியோர் இல்லத்துச் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அன்று லீவு போட்டு நிகழ்ச்சிக்குப் போயிருந்தாள். கோபப்படவில்லை. பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "தனசேகர் அண்ணனுக்குப் பண்ணதையே இப்ப பொண்ணுக்கும் பண்றீங்க."

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் உச்சரித்து வெகுநாளாகிவிட்டது. ஊரில் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்குத் தனசேகரைத் தெரிந்திருக்கலாம். அவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

2

தனசேகர் நெமிலிச்சேரிக்காரன். அவன் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவன் அவன்தான். அண்ணனூர் பணிமனையில் மின்சார ரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர். நான் பருத்திப்பட்டு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டினேன். எங்களைச் சேர்த்துவைத்தது ஃபுட்பால்.

எண்பதுகளில் பட்டணத்தில் லீக் ஆட்டங்களுக்கு நல்ல கூட்டம் வரும். நாங்கள் ஆதரித்த அணி வடசென்னைப் பையன்களின் சின்ன கிளப். நீலச் சட்டை போட்டு ஆடுவார்கள். பேங்க் அணிகளும் ஆபீஸ் அணிகளும் வேலை கொடுத்து நல்ல ஆட்டக்காரர்களை இழுத்துக்கொண்டு போய்விடும். மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு நீலச் சட்டைக்காரர்கள் ஆடுவார்கள், பெரும்பாலும் தோற்பார்கள். சூசை என்று ஒரு வியாசர்பாடிப் பையன் மட்டும் எத்தனை பேர் கூப்பிட்டும் போகாமல் அந்த அணியிலேயே இருந்தான். அவனுக்காகவே போவோம்.

சனிக்கிழமை மத்தியானம் தனசேகர் நெமிலிச்சேரியில் ரயில் ஏறுவான், கடைசிக்கு முந்தின பெட்டியில். நான் ஆவடியில் அதே பெட்டியில் ஏறுவேன். இரண்டு பேரும் நீலச் சட்டை. மைதானத்தில் கிழக்கு காலரியில் ஒரு விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்போம். அதுதான் எங்கள் இடம்.

கல்யாணம் ஆன பிறகும் இது நிற்கவில்லை. ஆனால் சும்மா நடக்கவுமில்லை. வீட்டில் சண்டை வராமலிருக்க நாங்களே ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம். சொந்த வீட்டு விசேஷம் என்றால் ஆட்டத்தை விட வேண்டும். பங்காளி வீட்டு விசேஷம் என்றால் மொய்யை முந்தின நாளே கொடுத்துவிட்டு ஆட்டத்துக்கு வரலாம். தனசேகர் தன் மகள் காதுகுத்தையே ஒரு வாரம் தள்ளிப்போட்டான். "ஐயருக்கு நாள் சரியில்லயாம்" என்று வீட்டில் சொல்லிவிட்டான். அவன் மனைவி கன்னியம்மாவுக்கு விஷயம் தெரியும்.

"ஐயரு இன்னா, நீலச் சட்டை போட்டுகினு பஞ்சாங்கம் பாத்தாரா?" என்று என்னிடம் கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஃப்ளோரா அப்படிச் சிரிக்க மாட்டாள். அமலாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்றைக்குக் கோயிலிலிருந்து நேராக ஸ்டேஷனுக்கு ஓடினேன். அதை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

3

கன்னியம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது தெரிந்தபோது அவளுக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்து கடைசியில் படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். மகளுக்கு ஐந்து வயசு. தனசேகர் ஷிஃப்டு முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவான். சமையல், துணி, மருந்து, குழந்தை எல்லாம் அவன்தான். ஆட்டத்துக்குப் போவது நின்றுபோனது.

முதல் சனிக்கிழமை ரயிலில் அந்தப் பெட்டியில் நான் தனியாக நின்றேன். மறுநாள் பூசை முடிந்ததும் சைக்கிளை மிதித்துக்கொண்டு நெமிலிச்சேரிக்குப் போனேன். தனசேகர் வாசலில் கன்னியம்மாவின் புடவையை அலசிக்கொண்டிருந்தான்.

"சொல்லு மச்சான். மொதல்லேர்ந்து சொல்லு. டாஸ் யாரு ஜெயிச்சா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ச் சொல்வேன். சும்மா சொன்னால் அவனுக்குப் போதாது. கன்னியம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் புளியங்கொட்டைகளைப் பரப்பி வைப்போம். தோல் உரித்தது ஒரு கட்சி, உரிக்காதது ஒரு கட்சி. அவளுடைய மருந்து பாட்டில்கள்தான் கோல் போஸ்டு. சூசை எங்கே பந்தை வாங்கினான், யாரை ஏமாற்றினான், எங்கே கொடுத்தான் என்று ஒவ்வொரு கொட்டையாக நகர்த்திக் காட்டுவேன். ஃபுட்பாலில் அதுவரை எந்த அக்கறையும் இல்லாத கன்னியம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு கேட்பாள்.

"அந்தக் கொட்ட ஏன் சும்மாவே நிக்குது அண்ணா?"

"அது கோல்கீப்பர்மா."

"பாவம், அதுவும் என்ன மாதிரிதான்."

தனசேகர் ஒருமுறை வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பும்போது சொன்னான்: "வாரம் பூரா அவ எதையும் கேக்கறதில்ல மச்சான். சனிக்கெழம வந்தா மட்டும், நாளைக்கு அண்ணன் வருவாரான்னு கேக்குறா."

4

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனிக்கு ஜெர்மன்காரர்களோடு கூட்டு ஏற்பட்டது. மூன்று பேரைப் பயிற்சிக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். ஜோசப் என்று என் பெயரும் இருந்தது. மொழி கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று பட்டணத்தில் ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். வகுப்பு சனிக்கிழமை மத்தியானம்.

தனசேகரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நள்ளிரவானாலும் கன்னியம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அவன் கூப்பிடுகிற ஒரே ஆள் நான். அப்படிப்பட்டவனிடம், உன்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? விசா வரட்டும், நிச்சயமாகட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தெரிந்தவர் யாராவது பார்த்தாலும் சந்தேகம் வராதபடி வகுப்புக்கும் நீலச் சட்டையே போட்டுக்கொண்டு போனேன்.

முதல் ஞாயிறு பாதி வழியிலேயே திரும்பிவிடலாமா என்று பார்த்தேன். இங்கிலீஷ் பேப்பரில் மூன்று வரி வந்திருந்தது. யார் ஜெயித்தது, எத்தனை கோல், யார் போட்டது. அந்த மூன்று வரியை வைத்துத் தொண்ணூறு நிமிஷத்தையும் கட்டினேன். கோலுக்கு முன்னால் சூசையை மூன்று பேரைத் தாண்ட வைத்தேன். தனசேகர் தொடையில் தட்டிச் சிரித்தான். "இன்னா ஆட்டம் மச்சான்!" என்றான். கன்னியம்மா கை தட்டினாள்.

எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சந்தோஷமாகவும் இருந்தது. நிஜ ஆட்டம் பாதி நேரம் சப்பென்று இருக்கும். நான் கட்டிய ஆட்டத்தில் அப்படி ஒரு நிமிஷமும் இல்லை. இரண்டாவது வாரம் தயங்கவில்லை. அப்படி ஏழு ஆட்டம் சொன்னேன்.

எட்டாவது வாரம் பேப்பரில் அந்த மூன்று வரியும் வரவில்லை. பரவாயில்லை என்று முழுசையும் நானே கட்டினேன். இரண்டுக்கு ஒன்று, கடைசி நிமிஷத்தில் சூசை தலையால் முட்டிய கோல்.

அன்றைக்கு என்னைப் பார்த்ததும் தனசேகர் வாசலிலேயே என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டான். வழக்கமாக அப்படிச் செய்ய மாட்டான். "வா மச்சான், வா" என்று இரண்டு தடவை சொன்னான். டீ போட்டுக் கொடுத்தான். "எங்க மச்சான் நின்னே நேத்து?" என்று கேட்டான்.

"எங்க நிப்பேன்? நம்ம எடத்துலதான். கம்பத்துக்குப் பக்கத்துல. ஆட்டம் முடியறவரைக்கும் நகரல."

நான் புளியங்கொட்டைகளைப் பரப்பினேன். டாஸிலிருந்து ஆரம்பித்தேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கொட்டைகளைப் பார்க்கவில்லை. கடைசிக் கோலை நான் மருந்து பாட்டிலுக்கு நடுவே தள்ளியபோது கன்னியம்மா கை தட்டினாள். அப்புறம் கேட்டாள்:

"ஆமா, நேத்து இவரும் வந்தாரே, நீங்க பாக்கலியா அண்ணா? திருவள்ளூர்லேர்ந்து எந்தங்கச்சி வந்திருந்தா. நான் பாத்துக்கறேன், மாமா நீ போன்னா. எட்டு மாசமா ஊட்லயே கீறியே, போய்ட்டு வான்னு நாந்தான் அனுப்சேன். ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லாம திடீர்னு போய் நிக்கணும்னு ஒரே குஷி இவருக்கு."

என் கையில் ஒரு கொட்டை இருந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தனசேகர்தான் பேசினான். "செம கூட்டம்மா அது. ஆயிரம் தலையில எங்க போய்ப் பாக்கறது?" என்றான். குரல் சாதாரணமாகவே இருந்தது.

பிறகு சைக்கிள் வரைக்கும் என் கூடவே வந்தான். "இனிமே நீ செரமப்படாதே மச்சான்" என்றான். அவ்வளவுதான். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

5

விசா வந்ததும் ஒரு மாலை சொல்லிக்கொள்ளப் போனேன். "நல்லது மச்சான்" என்றான். என் சனிக்கிழமைகள் எங்கே போயின என்று அப்போது அவனுக்குப் புரிந்திருக்கும். கேட்கவில்லை. கன்னியம்மா மட்டும், "அங்கயும் ஃபுட்பால் கீதா அண்ணா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். "அப்போ சரி" என்றாள்.

ஒரு வருஷப் பயிற்சி என்று வந்தவன், கம்பெனி நீட்டிக்க நீட்டிக்க இங்கேயே தங்கிவிட்டேன். ஃப்ளோராவும் அமலாவும் வந்து சேர்ந்தார்கள். முதல் வருஷம் உடன் வேலை செய்கிறவர் வீட்டு விருந்தில் இன்னும் போடப் போட, வயிறு நிறைந்துவிட்டது என்பதைத் தமிழ் மாதிரியே நினைத்து, "நான் நிறைந்துவிட்டேன்" என்று சொல்லிவைத்தேன். மேசையே சிரித்தது. குடித்துத் தலைகால் தெரியாமல் கிடக்கிறேன் என்று இந்த ஊரில் அதற்கு அர்த்தமாம். அதற்குப் பிறகு யார் வீட்டிலும் அதிகம் பேசுவதில்லை. மைதானத்தில் பேச வேண்டியதே இல்லை. எல்லோரும் கத்தும்போது கத்தினால் போதும். அதனால்தான் அங்கே போய் நிற்கிறேன் என்று நினைக்கிறேன்.

தனசேகருக்கு நான்கு கடிதம் எழுதினேன். நான்காவதற்குப் பதில் வந்தது. வேறு யாரோ ஒருவர் முகவரி எழுதிக்கொடுத்த உறை. உள்ளே மூன்று வரி. "கன்னியம்மா போன மாசம் தவறிவிட்டாள். பாப்பா நன்றாக இருக்கிறாள். நானும் நலம்."

6

போன வருஷம் அம்மாவின் நினைவுப் பூசைக்காக ஊருக்கு வந்தபோது நெமிலிச்சேரிக்குப் போனேன். வயல்களில் கல் நட்டு மனை பிரித்திருந்தார்கள். வழி கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தனசேகருக்குத் தலை முழுக்க வெளுத்திருந்தது. மகள் பத்தாவது படிக்கிறாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு டியூஷனுக்குப் போனாள்.

கொஞ்ச நேரம் சம்பளம், பஸ், மழை என்று பேசினோம். பிறகு என்னால் முடியவில்லை.

"எட்டு வாரம் ஒங்கிட்ட பொய் சொன்னேன்டா. மன்னிச்சுடு."

அவன் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். "ஏழு ஆட்டமும் பொய்யின்னு எனக்கு எப்பவோ புரிஞ்சிபோச்சு. அது பெரிசில்ல மச்சான். நல்லாத்தானே சொன்னே. அந்த எட்டாவது நாளுதான்..." என்று நிறுத்தினான். பிறகு சொன்னான்.

"நான் போய் நம்ம எடத்துல நின்னேன். நீ இல்ல. ஆட்டம் ஆரமிச்சு பத்து நிமிசம் ஆவுது, நீ இல்ல. நீ ஒரு ஆட்டம் உட மாட்டியேன்னு காலரி பூரா தேடிகினு இருந்தேன். அப்ப பக்கத்துல ரெண்டு பேர் பேசிக்கினாங்க. ஆவடி வண்டில தொங்கிகினு வந்த ஆளு வில்லிவாக்கத்தாண்ட உழுந்துட்டான், நீலச் சட்ட, பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துகினு போய்ட்டாங்கன்னு. எனக்கு அப்பறம் கிரவுண்டே கண்ணுக்குத் தெரியல. ஓடுனேன்."

நான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அங்க போனா, ஆளு செத்துட்டான்னாங்க. சொந்தக்காரனான்னு கேட்டான். ஆமான்னேன். ஃப்ளோராகிட்ட இன்னா சொல்றது, உம் பொண்ணு சின்னப் பொண்ணாச்சேன்னு யோசிச்சுகினே நின்னேன். ஒரு மணி நேரம் ஆச்சு உள்ள உட. துணிய எடுத்துக் காட்டுனான். நீ இல்ல. யாரோ சின்னப் பையன் மச்சான், மீசைகூட சரியா மொளைக்கல. நான் அங்கயே உக்காந்து அழுதேன். யாரு பெத்த புள்ளயோ செத்துக் கெடக்குது, நான் சந்தோசத்துல அழுவுறேன்."

"ஏன்டா என்கிட்ட அன்னைக்கே சொல்லல?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். வாசல்ல ஒன்னப் பாத்ததும் உசுரு வந்துச்சு. அவகிட்டயும் ஆஸ்பத்திரிய பத்திச் சொல்லல. ஒடம்பு முடியாதவ, பயந்துடுவா. ஆட்டம் எப்டின்னு கேட்டா, நாளைக்கு ஜோசப்பு வந்து சொல்லுவான், அவன் சொன்னாத்தான் நல்லா இருக்கும்னு சொல்லி வெச்சிருந்தேன். நானும் ஆட்டத்த பாக்கலியே. நீ வேற எங்கனா நின்னிருப்பேன்னு நெனச்சேன். நீ சொல்லிக் கேட்டுக்கலாம்னு இருந்தேன். கம்பத்துக்குப் பக்கத்துலயே நின்னேன்னு சொன்னே பாரு..."

தெருவில் யாரோ தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

எட்டு மாதத்தில் அவனுக்குக் கிடைத்த ஒரே ஒரு மத்தியானம் அது. அதை என் பிணத்தைத் தேடுவதில் கழித்திருக்கிறான். அதே நேரத்தில் நான் ஒரு மைலுக்கு அப்பால் ஃபேனுக்குக் கீழே பெஞ்சில் உட்கார்ந்து, "என் பெயர் ஜோசப், நான் நலமாக இருக்கிறேன்" என்று ஜெர்மனில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தேன்.

"கன்னியம்மா அப்பறம் என்னைக் கேட்டாளா?" என்றேன்.

"கேக்காம? ஞாயித்துக்கெழம ஆனா அண்ணன் எங்கன்னு கேப்பா. அவனுக்கு டூட்டி மாத்திட்டாங்கன்னு சொன்னேன். அப்பறம் நீ ஊருக்குப் போய்ட்டே. ஒரு ஞாயித்துக்கெழம அவளே கொட்டய எடுத்து வெச்சுகினு கெடந்தா. மனசு கேக்கல. நானே சொல்ல ஆரமிச்சேன்."

"நீ ஆட்டத்துக்குப் போனியா?"

"எங்க போறது? அவள உட்டுட்டு? நானும் கட்டித்தான் சொன்னேன்." முதல் தடவையாகச் சிரித்தான். "எனக்கு ஒன்ன மாதிரி வராது மச்சான். கோல்கீப்பர மறந்துடுவேன், அவதான் கேப்பா, அந்தக் கொட்ட எங்க போச்சுன்னு. ஒன்றர வருசம் சொன்னேன். கடைசில கொஞ்ச நாளு அவளுக்குக் கண்ணே தெறக்க முடியல. காதுல சொல்லுவேன்."

நீலச் சட்டை கிளப் இப்போது இருக்கிறதா என்று கேட்டேன். கலைத்துவிட்டார்களாம். சூசை எங்கே என்று அவனுக்குத் தெரியவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிளம்பினேன். ஸ்டேஷன் வரை வருவதாகச் சொன்னான். பாதி வழியில் டியூஷனிலிருந்து மகள் எதிரே வந்தாள். புத்தகப் பையை அவளிடமிருந்து வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். "இருட்டிப்போச்சு மச்சான், இவள ஊட்ல உட்டுடறேன். நீ பாத்துப் போ" என்றான்.

அப்பாவும் மகளும் ஏதோ பேசிக்கொண்டே நடந்து போனார்கள். அவள் என்னவோ கேட்க, அவன் கையை ஆட்டி ஆட்டி விளக்கம் சொல்லிக்கொண்டு போனான். என்ன பேசினார்கள் என்று என் காதில் விழவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை நின்றேன். அவன் திரும்பிப் பார்ப்பான் என்று நினைத்தேன். அவனுக்கு மகள் சொல்வதைக் கேட்க வேண்டியிருந்தது.